தண்ணிக்காரம்மாவைச் சாகவிடாதவர்

நாச்சிமுத்து சார் காலமான செய்தி காலை ஒன்பது மணிக்கு என் அலுவலகத் தொலைபேசியில் வந்தது. தாராபுரத்திலிருந்து அவர் மனைவி தனலட்சுமி அம்மா பேசினார். "முந்தாநேத்து மத்தியானம் சாப்பிட்டுப்போட்டுப் படுத்தாருங்க. நாலு மணிக்குக் காப்பி கொண்டுபோயி எழுப்புனேன். எந்திரிக்கலீங்க" என்றார். இருபத்தெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். குரல் உடையவில்லை. "நேத்தே எல்லாம் முடிஞ்சுதுங்க. நீங்க அங்கிருந்து வர முடியாதுன்னு தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணுமில்ல, அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

போனை வைத்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். எங்கள் மாடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததும் பாதிப் பேர் போனார்கள், மீதிப் பேர் இந்த வருடத்து ஆள்குறைப்பில் போய்விட்டார்கள். சார் உட்கார்ந்த இடத்தில் கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காப்பி மெஷின் பக்கத்தில் புதிதாக வந்த இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "நாச் என்று ஒருவர் இங்கே வேலை பார்த்தார், தெரியுமா?" என்று அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த சுருக்கப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். தெரியாது என்றார்கள். இறந்துவிட்டார் என்றேன். வருந்துகிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு இந்த ரவுண்ட் ராக் ஊரில் அவரைத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அதனால்தான் நியூஜெர்சிக்கும் கலிஃபோர்னியாவுக்கும் பிளானோவுக்கும் போய்விட்ட உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

உங்களுக்கெல்லாம் அவரை முழுக்கைச் சட்டையோடும் மூன்றடுக்கு டிஃபன் கேரியரோடும் நினைவிருக்கும். நாற்பத்தெட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர். பழைய புரோகிராம்களில் ஆண்டை இரண்டு எண்ணில் எழுதி வைத்திருந்ததைத் தேடித் தேடி நான்காக மாற்றுவதுதான் அன்று நம் எல்லோருடைய வேலையும். ஒரு மீட்டிங்கில் மேனேஜர் அரைமணி நேரம் அதன் அபாயத்தை விளக்கி முடித்ததும் சார் என் பக்கம் சாய்ந்து, "ரெண்டு எண்ணை மிச்சம் பண்ணப் போயி, இத்தனை பேருக்குச் சோறு கெடச்சுதுங்க பாருங்க அம்மணி" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போக வேண்டியதாயிற்று. என்னை அவர் கடைசிவரை அம்மணி என்றுதான் கூப்பிட்டார். மதுரைக்காரியான எனக்கு முதலில் அது கேலி போலப் பட்டது. அவர் ஊரில் அது மரியாதைச் சொல் என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டு பேரும் ஒரே அடுக்ககத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு நியூஜெர்சியில் வேலை, எனக்கு இங்கே. ஆறு மாதம்தான் என்று பிரிந்து வந்தது அப்போதே இரண்டாம் வருடம். சாருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி அரசுப் பெண்கள் பள்ளி வேலையை விட்டுவிட்டு வர முடியாது. "ஒறம்பரை வராத ஊருங்க இது" என்பார் அவர். ஒறம்பரை என்றால் வீடு தேடி வருகிற சொந்தபந்தம். ஒறம்பரைக்கு ஈடாகச் சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுக்கு வந்தது ஒரு தொலைக்காட்சித் தொடர்.

அது விண்வெளிக் கதை. ஏற்கெனவே புகழ்பெற்ற ஒரு தொடரிலிருந்து பிரிந்து வந்த கிளைத் தொடர். மூலத் தொடரில் போர்க்கப்பல்களும் தளபதிகளும் வருவார்கள். இதில் வந்ததோ அந்தக் கப்பல்களுக்கு உணவும் மருந்தும் கொண்டுபோகும் ஒரு சரக்குக் கப்பல். அதில் வேலை பார்க்கும் ஒன்பது பேர். பெரிதாக ஒன்றும் நடக்காது. அதனால்தானோ என்னவோ அதைப் பார்த்தவர்களும் அதிகமில்லை. சாருக்கு அது உயிர். "இவங்களும் நம்மள மாதிரித்தானுங்க. சுவத்துக்குள்ளயே வேலை, சுவத்துக்குள்ளயே சாப்பாடு. சன்னல்ல பாத்தா இருட்டு" என்றார் ஒருமுறை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து, முந்தின நாள் பார்த்த கதையை மனைவிக்குக் கடிதமாக எழுதுவார். அங்கே தனலட்சுமி அம்மா அதைப் பள்ளிக்கு எடுத்துப்போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியைகள் அறையில் படித்துக் காட்டுவார். தமிழ் டீச்சர், தையல் டீச்சர் உட்பட ஏழெட்டுப் பேர் அந்தக் கதையைப் பின்தொடர்ந்தார்களாம். கடிதம் ஒரு வாரம் தாமதமானால் தபால்காரருக்குத் திட்டு விழுமாம். கப்பலில் தண்ணீர்த் தொட்டிகளைப் பராமரிக்கும் நடுவயதுப் பெண் ஒருத்தி உண்டு. புருஷன் வேறொரு கிரகத்தில். அவள் அனுப்பும் சேதி அவனுக்குப் போய்ச்சேர மாதக்கணக்கு ஆகும். அவளுக்குத் தனலட்சுமி அம்மா வைத்த பெயர் தண்ணிக்காரம்மா. அந்த அறைக்கே அவள்தான் செல்லம்.

அந்தப் பெண் தொடரின் இரண்டாவது வருடக் கடைசியில் செத்துப்போனாள். அதை நான் தொலைக்காட்சியில் மறுஒளிபரப்பில் பார்த்திருக்கிறேன். ஆனால் தாராபுரத்தில் அவள் சாகவில்லை என்பது எனக்குப் பல காலம் தெரியாது.

கடைசி சீசன் தொடங்கும்போது எங்கள் ஊர்த் தொலைக்காட்சி நிலையம் தொடரை நிறுத்திவிட்டது. கேபிளில் மட்டும்தான் வரும் என்றார்கள். சார் கேபிள் எடுக்கவில்லை. "ஒரு கதைக்காக நூறு சேனலை ஊட்டுக்குள்ள விடோணுமாங்க?" என்றார். இருந்தும் ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள் நிற்கவில்லை. பார்க்காத கதையை எப்படி எழுதுகிறார் என்று நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை. எனக்கு என் வேலை, என் வாரக்கடைசிப் போன்கள்.

அந்த வருடம் மார்ச் மாதத்தில் ஒரு நாள் மதியம் அவர் என் மேஜைக்கு வந்து ஒட்டிய உறைகள் நான்கை வைத்தார். உறைகளின் மூலையில் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதியிருந்தது. "திங்கக்கிழமைக்கு ஒண்ணா நாலு வாரம் பெட்டியில போட்டுருங்க அம்மணி. நெஞ்சுல அடைப்பு இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. நாளைக்கு உள்ள ஏதோ சுருள் வெக்கறாங்களாமா."

"டீச்சரம்மாவுக்குச் சொன்னீங்களா?"

"அவ என்ன பண்ணுவா அங்கிருந்து? பரீட்சைப் பேப்பர் திருத்தற நேரம். நீங்களும் சொல்லிப்போடாதீங்க."

"நான் கூட வர்றேன், காலையில டிரைவ் பண்றேன்" என்றேன். "வேண்டாமுங்க, உங்களுக்கு நாளைக்கு டெஸ்டிங் இருக்குது, நானே ஓட்டிட்டுப் போயிக்கறேன்" என்றார். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மறுநாள் மாலை போனபோது, கையில் குழாயோடு படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய முழுக்கைச் சட்டை மடித்து வைத்திருந்தது, அதன்மேல் கார் சாவி. வேறு யாரும் இல்லை. நான்கு திங்கட்கிழமைகளும் நான் மறக்காமல் கடிதங்களைப் போட்டேன். மாத்திரைகளை அவர் அலுவலக இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கோடையில் தனலட்சுமி அம்மா விருப்ப ஓய்வு வாங்கினார். விசா கிடைத்தது. இலையுதிர்காலத்தில் வருவதாக முடிவாயிற்று. அதே சமயத்தில்தான் தொடரின் கடைசி சீசன் வீடியோ கேசட்டுகளாக விற்பனைக்கு வருகிறது என்ற செய்தியும் வந்தது. ஒரே பெட்டியில் பன்னிரண்டு கேசட். சார் சந்தோஷத்தில் அதைப் போனில் சொல்லியிருக்கிறார். அந்தம்மா உடனே, "வாங்கி வையுங்க. நான் வந்ததும் ரெண்டு பேரும் சேந்து பாப்போம். தண்ணிக்காரம்மா மொகத்த நான் பாக்கோணும்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது சார் டிஃபன் கேரியரைத் திறக்கவே இல்லை.

"ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க அம்மணி" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் சொன்னார். தொடரில் தண்ணிக்காரம்மா செத்த அந்த வாரம், தாராபுரத்தில் அவருடைய மாமியார் இறந்து பதினாறு நாள்கூட ஆகவில்லை. இவரால் போக முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டிருக்கிறார். "அவ ஒத்தையில உக்காந்து அழுதுட்டிருப்பா. அங்க ஒரு சாவ எழுதி அனுப்பச் சொல்றீங்களா? அந்த வாரம் மட்டும் பொழைக்க வெச்சுரலாம்னு நெனச்சேன். அதுக்கப்பறம் கொல்ல மனசு வல்லீங்க." அன்றிலிருந்து நான்கு வருடம், கப்பலில் மற்ற எட்டுப் பேரும் தொடரில் வந்தபடியே இருக்க, தண்ணிக்காரம்மாவின் கதையை மட்டும் இவரே நடத்தியிருக்கிறார். அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்தார். புருஷனிடமிருந்து பதில் வரவழைத்தார். நிலையம் தொடரை நிறுத்திய பிறகு மொத்தக் கதையும் அவருடையதே ஆகிவிட்டது.

"கேசட் கெடைக்கலைன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"சொல்லிப் பாத்தேன். உங்க கிட்டக் கேட்டு வாங்கிக்கறேன்னு சொல்லிப்போட்டா."

தனலட்சுமி அம்மா வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மெலிந்த, கண்ணாடி போட்ட, கறாரான அம்மா. எனக்கு மூன்று தடவை பரிமாறினார். பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தோம். ஆங்கிலம் வேகமாகப் பேசினால் புரியாது என்பதால் திரையின் அடியில் வசனம் வரும்படி சார் வைத்திருந்தார். முதல் கேசட் ஓடியது. "இன்னும் அவளக் காணமே" என்றார். "வருவா" என்றார் சார். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கேசட்டின் நடுவில் அந்தக் காட்சி வந்தது. கப்பல்காரர்கள் எட்டுப் பேரும் தொட்டி அறையில் கூடி, ஆளுக்கொரு குவளைத் தண்ணீர் குடிக்கிறார்கள். சுவரில் ஒரு பெண்ணின் படம். அவளை நாம் இழந்து நான்கு வருடங்கள் ஆகின்றன என்று வசனம் எழுத்தில் ஓடியது.

தனலட்சுமி அம்மா எழுந்துபோய்க் கேசட்டை நிறுத்தினார். திரையைப் பார்த்தபடியே நின்றார். உதடுகள் கணக்குப் போடுவதுபோல் அசைந்தன.

"நாலு வருசம்னா, அது எங்கம்மா செத்த வருசம்" என்றார்.

சார் தலையை ஆட்டினார்.

"அதுக்காகத்தானுங்களா?"

"ஆமா தனம்."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத்தலைப்பால் துடைத்தார். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு சார் பக்கம் திரும்பினார்.

"சரிங்க. அது எனக்காக மறைச்சது. உங்களுக்காக என்ன மறைச்சீங்க?"

சார் கேசட் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சனி ஞாயிறு ஆனாக் காலையில கார ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்னு கீழ போறீங்க. சன்னல்ல நின்னு நானும் பாக்கறேன். ஸ்டார்ட் பண்றதே இல்ல. உக்காந்துட்டு வர்றீங்க."

சார் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஐந்து மாத்திரைப் புட்டிகளைத் தொலைக்காட்சிக்கு முன்னால் வரிசையாக வைத்தார். வேலை நாட்களில் அலுவலக இழுப்பறை, விடுமுறை நாட்களில் கார் என்று பங்கு போட்டு வைத்திருந்தார். அந்தம்மா ஒவ்வொரு புட்டியாக எடுத்து, ஒட்டியிருந்த சீட்டில் தேதியைப் படித்தார்.

"மார்ச்சு மாசம். அந்த மாசம் கடுதாசி நிக்கலீங்களே" என்றார்.

"முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாருங்க. நான்தான் போட்டேன்" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த அறையில் நின்றுகொண்டு இன்னொன்றையும் மறைக்க என்னால் முடியவில்லை.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "ஆஸ்பத்திரியில யாரு கூட இருந்தா?" என்று கேட்டார்.

"நான் சாயந்திரம் போய்ப் பாத்தேன்."

"மத்த நேரம்?"

"யாருமில்லைங்க."

அவர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. சார் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "மெசினு பொய் சொல்றதில்லீங்க அம்மணி. நாமதான்" என்று மெல்லச் சொன்னார். நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். என் வீடு எதிர்க்கட்டிடத்தில்தான். நடந்தால் இரண்டு நிமிடம். காரில் ஏறி ஃபிரீவேயில் ஜார்ஜ்டவுன் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மறு சனிக்கிழமை அவர்கள் கூப்பிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தனலட்சுமி அம்மாவே வந்து கதவைத் தட்டினார். "வாங்க, மிச்சத்தையும் பாத்துருவோம். அவ இல்லாட்டியும் போகுது, உள்ளது உள்ளபடி பாப்போம்" என்றார். மாத்திரைப் புட்டிகள் இப்போது சாப்பாட்டு மேஜைமேல் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தன. ஐந்து வாரக்கடைசிகளில் பன்னிரண்டு கேசட்டும் முடிந்தது. முடிவு சப்பென்று இருந்தது. கப்பலை விற்றுவிடுகிறார்கள், ஆளுக்கொரு திசையில் போகிறார்கள், கடைசியில் காலியான தாழ்வாரத்தைக் காட்டி முடித்துவிட்டார்கள். சார் ஒரு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். அவர் முகம் வாடிவிட்டது.

தனலட்சுமி அம்மா கேசட்டை வெளியே எடுத்து உறையில் போட்டார். "உங்க கதையே தேவலைங்க" என்றார். "கடைசிக் கடுதாசில புருசன் வந்து எறங்குனான். அதுக்கு மேல எழுதலீங்களே, என்னாச்சு?"

சார் என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். "வந்தான். அவளுக்கு மொதல்ல அடையாளம் தெரியல" என்று ஆரம்பித்தார். அன்று அரைமணி நேரம் கதை சொன்னார். ஐந்து வருடப் பழக்கத்தில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த விசா முடிவதற்குள் அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்தே ஊர் திரும்பினார்கள். ஆஸ்டின் விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். தனலட்சுமி அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கோவமெல்லாம் இல்லீங்க கண்ணு" என்றார். "சாயந்திரமாவது போனீங்களே."

தாராபுரத்தில் அவர்களுக்கு ஒன்பது மாதங்கள் கிடைத்தன.

மூன்று வாரங்களுக்கு முன்னால் நான் போன் செய்தபோது சார்தான் எடுத்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நெஞ்சுல ஒரு புடிப்பு வருதுங்க அம்மணி. பயமாத்தான் இருக்குது. நாளைக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போறோமுங்க" என்றார். பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. போறேன் என்று சொல்லாமல் போறோம் என்று அவர் சொன்னதும் அதுதான் முதல் தடவை. அவருடையது என்று என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

செய்தி வந்த அன்று மாலை நியூஜெர்சிக்குப் போன் செய்தேன். கணவர் வழக்கம்போல, "எல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டார். நல்லாத்தான் போகுது என்று வாய்வரைக்கும் வந்தது.

"நல்லா இல்லை" என்றேன். "எனக்கு இங்கே ரொம்பத் தனியா இருக்கு."

மறுமுனையில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"இங்கேயும்தான்" என்றார். "சொல்லு."